பேச்சியம்மாவின் நிலத்துக் கம்பு

ஆனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, வகுப்பு முடிந்து கல்லூரி ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது பேச்சியம்மாவின் மகள் செல்வியிடமிருந்து போன் வந்தது. "டீச்சர், அம்மா போயிருச்சு. காய்ச்சல்னுதான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். சாயங்காலம் எடுக்கோம், வந்துருங்க." பேச்சியம்மா தந்த கம்புப் பொட்டலங்கள் இரண்டும் தை மாதம் வைத்த இடத்திலேயே மேசை ஓரத்தில் இருந்தன.

அவரை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்களுக்கு அவருடைய ஐம்பது சென்ட் நிலத்தையும் தெரியும். காட்டு வேலையிலிருந்து பட்டாசுக் கம்பெனி வேலைக்கு மாறிய குடும்பத்தில் மிஞ்சிய சொத்து அது ஒன்றுதான். சிவகாசி சாலையில், மூடிக் கிடக்கும் ஒரு கம்பெனி கழிவைக் கொட்டி எரித்த குழிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வேதியியல் நடத்தும் நான் மாணவிகளோடு மண் எடுக்கப் போனபோதுதான் பழக்கமானோம். மண்ணில் ஈயம் அளவுக்கு மீறி இருந்தது. சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "இதுல வெளஞ்ச கம்பக் கூழாக்கி ஊத்தலாமா?" இருக்கன்குடி அம்மன் கோயிலுக்கு நடந்து போகிறவர்களுக்கு ஆடியில் சொந்த நிலத்துக் கம்பில் கூழ் ஊற்றுவதாக அவர் நேர்ந்திருந்தார். கூடாது என்றேன். "அப்ப என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்றார்.

பயோசார் என்ற சொல்லே அப்போதுதான் எங்கள் காதுக்கு வந்திருந்தது. காற்றை அடைத்துச் சுட்ட கரியைத் தூளாக்கி மண்ணில் கலந்தால் அது ஈயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பயிருக்குள் அவ்வளவாக ஏறாது. கரிக்கு எங்கே போவது என்று நான் யோசிப்பதற்குள், தான் வேலை பார்க்கும் கம்பெனியில் கேட்டு, கரித்தூள் அறையில் கூட்டிப் பெருக்கியதை ஆறு சாக்கு கொண்டுவந்துவிட்டார் பேச்சியம்மா. பட்டாசு ஊரில் கரித்தூளுக்கா பஞ்சம்? எனக்கும் அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது.

கரி போட்ட பாத்தியில் கம்பு கருகருவென்று வளர்ந்தது. போடாத பாத்தி சோனியாக நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. விவசாய அலுவலகத்திலிருந்து நாலு பேரை அழைத்து வந்து வரப்பில் நின்று விளக்கிக்கொண்டிருந்தேன். பேச்சியம்மா குறுக்கே வந்தார். "டீச்சர், மிச்சக் கரியில ஒரு சிட்டிகைய அடுப்புல போட்டுப் பாத்தேன். சரசரன்னு பொரியுது. வெடியுப்பு கலந்துருக்கு. இந்தப் பச்ச கரியால வந்ததில்ல, உப்பால வந்தது." வெடியுப்பு நல்ல உரம். வேதியியல் டீச்சருக்கு அது தெரியாதா? தெரியும், பார்க்கத்தான் தோன்றவில்லை. வந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்கள். நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

எட்டாம் நாள் அவரே கல்லூரிக்கு வந்தார். "கோவமா இருக்கீகளா? தெரியலன்னு நீங்க சொன்னா நான் பயப்பட மாட்டேன் டீச்சர். நல்லாருக்குன்னு நம்பி அம்புட்டுப் பேருக்கும் ஊத்திட்டா என்ன செய்ய?" என் வயதுதான் அவருக்கும். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

மறுபடி தொடங்கினோம். மல்லாங்கிணறு பக்கம் சீமைக்கருவேல விறகை மண்மூடிச் சுடுகிறவரிடம் சுத்தமான கரி வாங்கினோம். அதை இடித்து, சாணித் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு சாண் ஆழம் கொத்திக் கலந்தது பேச்சியம்மாதான். கம்பெனி வேலை முடிந்து வந்து செய்தார். "ஈயம் போயிருமா?" என்று கேட்டார். போகாது, கரி அதைக் கட்டிப் போட்டிருக்கும், அவ்வளவுதான் என்றேன். "அப்ப அது அங்கனதான் கெடக்கும். வருசா வருசம் பாக்கணும்" என்றார். என் மாணவிகளுக்கு நான் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

தையில் அறுத்ததும் கரி போட்ட பாத்திக் கம்பு ஒன்று, போடாதது ஒன்று என்று இரண்டு பொட்டலம் தந்தார். ஈயம் அளக்கும் எங்கள் கருவி பழுது, பொட்டலங்களை மதுரை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். நான் அனுப்பவில்லை. அவர் கேட்டபோதெல்லாம் "வந்துரும்" என்றேன். பரீட்சை வேலை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. இந்த முறையும் தப்பாகிவிட்டால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று பயந்தேன். ஐந்து மாதம் அப்படியே போயிற்று.

அவரை எடுத்த மறுநாளே மதுரைக்குக் கொண்டு போனேன். பத்து நாளில் முடிவு வந்துவிட்டது. பத்தே நாள். போடாத பாத்திக் கம்பில் ஈயம் மிகுதி. கரி போட்ட பாத்திக் கம்பில் சாப்பிடத் தகுந்த அளவுக்குள். தாளைச் செல்வியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் அழவில்லை. "ஆஸ்பத்திரியிலயும் கேட்டுச்சு டீச்சர், டீச்சர்ட்டருந்து பேப்பர் வந்துருச்சான்னு. நாளைக்கு வந்துரும்மான்னு சொல்லி வச்சேன்" என்றாள்.

ஆடிக் கடைசி வெள்ளிக்குக் கரி போட்ட பாத்திக் கம்பில் அவள் சாலையோரம் கூழ் ஊற்றினாள். முதல் சொம்பை என்னிடம் நீட்டினாள். குடித்துவிட்டு, வரிசையில் நின்றவர்களுக்கு நானும் ஊற்றினேன்.

இப்போது யார் மண்ணோ தானியமோ கொண்டுவந்தாலும் அன்றைக்கே அனுப்பிவிடுகிறேன். முடிவு கெட்டதாக வந்தாலும் அன்றைக்கே போய்ச் சொல்கிறேன். பேச்சியம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான். அவர் இருந்தபோதே இது எனக்கு வந்திருக்க வேண்டும்.