ஒரு முழத்துக்கு மேல்

மரம் அறுக்கும் ஆலையில் எந்தத் தடி வந்து இறங்கினாலும் ஜோத்தம் பிக்ஃபோர்ட் முதலில் சட்டைக் கையைச் சுருட்டிக்கொள்வார். வெட்டுமுகத்தில் முழங்கையை ஊன்றி, விரல்களை நீட்டி ஒரு முழம் பார்ப்பார். அதற்கு மேல் போனால் சூள் கொட்டுவார். "பாழாப் போச்சு, கொழுத்துக் கெடக்கு." மரம் பருத்திருப்பதற்காக வருத்தப்படுகிற ஆலைக்காரரை எங்கள் நியூ ஹாம்ப்ஷையரில்தான் பார்க்கலாம்.

வெள்ளைப் பைன் மரம் ஒரு முழத்துக்கு மேல் பருத்துவிட்டால் அது இங்கிலாந்து அரசருடையது. யார் கொல்லையில் நின்றாலும் சரி, கடற்படைக்குப் பாய்மரம் வேண்டுமாம். காட்டதிகாரி வந்து மூன்று கோடாலி வெட்டில் அம்புக்குறி போட்டுவிட்டுப் போவார். அப்புறம் அது நின்றபடியே உளுத்தாலும் தொடக்கூடாது. அகலப் பலகை அகப்பட்டால் அபராதம். ஆலை ரம்பத்தையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். ஆகவே நாங்கள் திருட்டுத்தனமாக வெட்டுவதையெல்லாம் ஜோத்தம் ஒடுக்கமாகக் கிழித்துத் தருவார். ஊரில் எல்லா வீட்டுத் தரையும் ஒல்லிப் பலகைதான்.

இத்தனைக்கும் மனிதர் ராஜபக்தர். அரசர் பிறந்தநாளில் துப்பாக்கி வெடித்து, ஆப்பிள் மது ஊற்றிக் கொடுப்பார். பாஸ்டனில் தேயிலை வரிக்காகக் கத்துகிறார்கள் என்றால் கொட்டாவி விடுவார். மரப் பேச்சு வந்தால் மட்டும் முகம் சிவக்கும். "ராஜா கேட்டா நானே வெட்டி வண்டியில ஏத்தி அனுப்ப மாட்டேனா? என் கொல்லையில வந்து, என்னை ஒரு வார்த்தை கேக்காம குறி போடுறான் பாரு, அதான்யா வயிறு எரியுது."

அந்தக் கொல்லையில் புயலுக்குச் சாய்ந்த பைனில் ஒரே ஒரு அகலப் பலகையை மட்டும் ஒடுக்கமாகக் கிழிக்க அவருக்கு மனம் வரவில்லை. பரணில், பரங்கிக்காய்களுக்கு அடியில், வருஷக்கணக்காக ஒளிந்து கிடந்தது. ஊருக்கே தெரிந்த ரகசியம்.

மகள் மெர்சிக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவள் ஒற்றைக் காலில் நின்றாள். "எனக்கு அந்தப் பலகையிலதான் மேசை வேணும்ப்பா. எலி ஓடுறதுக்கா வச்சிருக்கீங்க?" முறைத்தார். மறுநாளே இழைப்புளியைக் கையில் எடுத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கல்யாணத்தன்று ஜோத்தமின் மனைவி பேஷன்ஸ் அந்த மேசைமேல் தரை தொடும் விரிப்பைப் போட்டு வைத்தார். நல்லதாயிற்று. பந்தி நடுவில், மழைக்கு ஒதுங்கிய காட்டதிகாரி ஹோக் உள்ளே வந்தார். கல்யாண வீட்டில் யாரையும் வெளியே நிறுத்துவதில்லை. உட்கார வைத்தோம். அவர் பரங்கிப் பணியாரத்தை ரசித்துச் சாப்பிட, நாங்கள் விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மேசை கொஞ்சம்கூட ஆடலையே! எத்தனை பலகை சேர்த்தீங்க?" என்றார் ஹோக்.

"மூணு," என்றார் பேஷன்ஸ், மூச்சு விடாமல்.

அதோடு விட்டிருக்கலாம். ஜோத்தம் மகளைப் பார்த்தார். அவள் தட்டை நகர்த்தி விரிப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"என் வீட்டுல, என் பொண்ணு கல்யாணத்துல, என் மரத்தை நான் மூடி வைக்கணுமா?" என்றார் ஜோத்தம், யாரிடமும் இல்லாமல்.

அவள் விரல்களை மெல்ல விடுவித்து, விரிப்பை ஹோக்கின் தட்டு வரை சுருட்டினார். பிறகு சட்டைக் கையை மடித்து, பலகையின் ஓரத்தில் முழங்கையை ஊன்றி, விரல்களை நீட்டி வைத்து, அதிகாரியின் முகத்தைப் பார்த்தார். விரல்நுனிக்கு அப்பாலும் பலகை போய்க்கொண்டே இருந்தது.