விரல் போன பக்கம்

முருகப்பன் காரைக்குடியில் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்குக் கைபேசிச் செயலி எழுதுகிறவன். திரையில் விரல் பட்டால் என்ன நடக்க வேண்டும், இழுத்தால் என்ன, அழுத்திப் பிடித்தால் என்ன என்று தீர்மானிப்பதே அவன் பிழைப்பு. அதில் கெட்டிக்காரன் என்று பெயர்.

கொத்தமங்கலத்திலுள்ள பொதுவீட்டுக்குப் பங்காளிகள் பல ஊர்களில் இருந்தார்கள். எதைப் பேசினாலும் சண்டை. அதைத் தீர்க்க அவர்களுக்கென்று ஒரு செயலி செய்து கொடுத்தான். கேள்வி ஒரு சீட்டுப்போலத் திரையில் வரும். வலது பக்கம் தள்ளினால் சம்மதம், இடது பக்கம் தள்ளினால் இல்லை. பொத்தான்கூடக் கிடையாது. பார்த்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள்.

அந்த வீட்டில் குடியிருந்தவர் அவன் பெரியப்பச்சி, அப்பாவின் அண்ணன், வயிரவன் ஒருவர்தான். மனைவி போனபிறகு தனியாள். வீட்டை இடித்து மனையை விற்கும் பேச்சு எழுந்தபோதெல்லாம், "நான் இருக்குமட்டும் படைப்பு இங்கதான்" என்று முடித்துவிடுவார். முன்னோருக்குப் படைக்க வருசத்துக்கொரு முறை பங்காளிகள் கூடும் வீடு அது. அவர் ஒருவர் மறுத்தால் போதும், வீடு நிற்கும்.

விற்பனை பற்றிய சீட்டு போன அன்று, சித்தப்பா மகன் லட்சுமணன் சென்னையிலிருந்து கூப்பிட்டான்.

"என்னடா, பெரியப்பச்சிக்கு என்ன வசியம் வச்சே? மொத ஆளா சம்மதம் போட்டிருக்காக."

முருகப்பன் நம்பவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு கொத்தமங்கலம் போனான். பெரியவர் போனை மடியில் கவிழ்த்துவைத்து உட்கார்ந்திருந்தார்.

"வா முருகப்பா. மலேசியாவுலருந்துகூடக் கூப்பிட்டுட்டாக. பெரிய மனசுங்கிறாக. நான் ஒரு வரிதான் படிச்சேன். சீட்டு ஓடிப்போச்சு."

"எப்படிப் படிச்சீக?"

அவர் பக்கத்தில் கிடந்த பேப்பரை எடுத்தார். எழுத்துக்கு அடியில் சுட்டுவிரலை வைத்து, இடமிருந்து வலமாக நகர்த்திக் காட்டினார்.

முருகப்பனுக்கு அந்த விரல் புதிதல்ல. சிறுவயதில் அவர் மடியில் உட்கார்ந்து, அது போகும் வழியிலேயே எழுத்துக்கூட்டிப் படித்தவன். எவ்வளவு தூரம் நகர்ந்தால் தள்ளியதாகக் கொள்ளலாம் என்று தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்தபோது மட்டும் அது நினைவுக்கு வரவில்லை.

"மாத்திரலாம் பெரியப்பச்சி. நான் எல்லாருக்கும் சொல்லிடுறேன்."

"வேணாம்ப்பா. வாழ்த்திட்டாக. இப்பப் போயி இல்லைன்னா, கிழவன் பேச்சு மாறுறான்பாக." கொஞ்சம் சிரித்தார். "என் வாய் சொன்னதை ஒருத்தரும் மனசாரக் கேக்கல. விரல் சொன்னதையாவது கேட்டாகளே."

வற்புறுத்தியிருக்கலாம். பிழை தன்னுடையது என்று பங்காளிகளுக்கு எழுதியிருக்கலாம். கெட்டிக்காரன் என்ற பெயர் அவன் நாக்கைக் கட்டிப்போட்டது. போதாததற்கு, சண்டை ஓய்ந்த நிம்மதி வேறு. அவரே வேண்டாம் என்றுவிட்டாரே என்று தன்னைத் தேற்றிக்கொண்டு திரும்பினான். அந்த வாரமே, எதைச் செய்தாலும் செயலி 'உறுதியா?' என்று ஒருமுறை கேட்கும்படி மாற்றினான்.

வீட்டை இடித்தார்கள். பெரியவர் காரைக்குடியில் ஒரு வாடகை அடுக்ககத்துக்கு வந்தார். முருகப்பனின் மனைவி சுபா சாப்பாடு கொண்டுபோவாள். "பேப்பர் மடிச்சது மடிச்சபடியே கிடக்குங்க" என்று வந்து சொல்வாள். அடுத்த படைப்புக்கு அவர் இருக்கவில்லை.

இந்த வருசம் படைப்பை வாடகை மண்டபத்தில் வைக்கலாமா என்று சீட்டுப் போனது. எல்லோரும் பதில் சொல்லியாயிற்று. முடிவு மட்டும் வரவில்லை. இன்னும் ஒருவருக்காகச் செயலி காத்திருந்தது. வயிரவன்.

"அவுக பேரை எடுத்துவிட்ரு. மண்டபத்துக்காரன் கேக்குறான்" என்று லட்சுமணன் செய்தி அனுப்பியிருந்தான்.

முருகப்பன் அந்தப் பெயரைத் தொட்டு, 'நீக்கு' என்பதை அழுத்தினான்.

'உறுதியா?' என்று கேட்டது.

அன்றைக்கு அவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. திரை தானாக அணைந்தது. தொட்டான். கேள்வி அங்கேயே நின்றது.

'ஆம்' என்பதை அழுத்தினான். பெயர் மறைந்தது. அந்த இடத்தில், அவனே எப்போதோ எழுதிவைத்த வரி பச்சை எழுத்தில் வந்தது:

'அனைவரும் சம்மதம்.'