சமாதானத்தின் வலது கை

சொந்தக்காரர்கள் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவர் 'சமாதானம்'. அக்கா மருமகளிடம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் சரி, சித்தப்பா மகன் பெண்டாட்டியோடு மல்லுக்கு நின்றாலும் சரி, "சமாதானத்தக் கூப்பிடுங்கப்பா" என்பார்கள். பிழைப்பும் அதற்கேற்றாற்போல் அமைந்தது. துணி துவைக்கும் மெஷின் விற்கும் கம்பெனியில் புகார் கவுன்ட்டர். கொதித்துக்கொண்டு வருகிறவர்கள் ஆறிப்போய்த் திரும்புவார்கள்.

அவருக்கு நாற்பத்தாறு வயதானபோது கவுன்ட்டரை எடுத்துவிட்டு அங்கே தானாகப் பதில் சொல்லும் தொலைபேசி ஒன்றை வைத்தார்கள். அவர் மனம் தளரவில்லை. கணவன் மனைவிக்கும் குடும்பங்களுக்கும் ஆலோசனை சொல்லும் முதுகலைப் படிப்பில் சேர்ந்தார். கூடப் படித்தவர்களுக்கெல்லாம் மகள் வயது. தனக்கு இது கரும்பு தின்னக் கூலி என்றுதான் நினைத்தார்.

இரண்டாம் வருடம் நிஜமான குடும்பங்களைச் சந்திக்க வைத்தார்கள். ஒரு சின்ன அறை. இரண்டு சோபா, ஒரு தொலைபேசி, சுவரில், ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கக்கூடிய அகலமான கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் இருட்டில் பேராசிரியையும் சக மாணவர்களும் உட்கார்ந்து பார்ப்பார்கள். வருகிறவர்களுக்கும் அது தெரியும். பேராசிரியைக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் தொலைபேசி அடிக்கும்.

அவருக்கு வந்த முதல் ஜோடி ஒரு லாரி டிரைவரும் தையல் வேலை பார்க்கும் அவர் மனைவியும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு மாதக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லை.

"சார், பிரேக் போச்சுன்னாக்கூட லாரில ஒரு சத்தம் வரும். இவகிட்ட அதுவும் இல்ல" என்றார் டிரைவர்.

சமாதானம் வாய்விட்டுச் சிரித்தார். டிரைவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. அடுத்த ஜோக்கை எடுத்துவிட்டார். அதற்கும் சிரிப்பு.

"அது இல்லீங்க, போன வருஷம் எங்கம்மா..." என்று ஆரம்பித்தாள் மனைவி.

"ஒரு நிமிஷம்மா. அவர் முடிச்சிடட்டும்."

தொலைபேசி அடித்தது. பாராட்டத்தான் போகிறார்கள் என்று எடுத்தார். "அந்தம்மாவக் கேளுங்க" என்றது பேராசிரியையின் குரல். "கேக்கறேன் மேடம்" என்று வைத்தவர், டிரைவர் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தார்.

சற்று நேரத்தில் அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சிடுங்க. நான் வெளில உக்கார்றேன்."

கதவு சத்தமில்லாமல் மூடியது. "பாத்தீங்களா சார், இதான்" என்றார் டிரைவர். சமாதானம் ஆமாம் என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பின்னாளில் நினைக்கும்போதெல்லாம் அவருக்கு உடம்பு கூசும்.

மறுநாள் அந்தச் சந்திப்பின் வீடியோவைப் பேராசிரியை எல்லார் முன்னாலும் ஓடவிட்டார், ஒலியை அணைத்துவிட்டு. பேச்சு இல்லாமல் பார்த்தபோது ஒன்றே ஒன்றுதான் கண்ணில் பட்டது. அவள் உதடு அசையும்போதெல்லாம் சமாதானத்தின் வலது கை, போக்குவரத்துப் போலீஸ்காரர் கை மாதிரி, உள்ளங்கை தெரிய உயர்ந்தது. அப்படிச் செய்ததே அவருக்கு ஞாபகமில்லை.

யாரும் சிரிக்கவில்லை. எப்போதும் அவருக்குப் பக்கத்தில் உட்காரும் பெண் குனிந்து தன் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

"என்ன தெரியுது?"

"கை, மேடம்."

"எத்தன தடவன்னு எண்ண வேண்டாம். வேற எங்கெல்லாம் தூக்கறீங்கன்னு பாருங்க."

வீட்டில் மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மருந்துக் கடை வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

"நான் உன்னப் பேசவிடாம கை காட்டறேனா?"

கிண்டல் என்று நினைத்துச் சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். "கல்யாணமான புதுசுல கோவம் வந்துச்சு. அப்புறம் கை வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திக்கப் பழகிட்டேன்."

"ஏன் சொல்லல?"

"சொல்ல ஆரம்பிச்சா கை வருமே." பிறகு, "இந்தச் சட்டை காலர் கிழிஞ்சிருக்கு, தூக்கிப் போட்டுடவா?" என்றாள்.

அன்றைக்கு ராத்திரி, தான் தீர்த்து வைத்த சண்டைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். எல்லா வீட்டிலும் யாரோ ஒருத்தர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். அதைத்தான் சமாதானம் என்று நம்பியிருக்கிறார். பெட்டியோடு வந்து நின்ற தங்கையைப் பக்குவமாகப் பேசிப் புருஷன் வீட்டுக்கே திருப்பி அனுப்பியதும் நினைவுக்கு வந்தது. உடனே போன் போட்டார். அவர் தயங்கித் தயங்கி ஆரம்பிப்பதற்குள், "வேலையா இருக்கேண்ணா" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் அந்த ஜோடி வந்தது. சமாதானம் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அன்னிக்கு உங்களப் பேசவிடல. தப்பு என்னோடதுங்க."

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். "உள்ள இருக்கறவங்க சொல்லச் சொன்னாங்களா?"

"தப்புன்னு காட்டினது அவங்கதான். மன்னிப்பு நானா கேக்கறேன்."

"சரிங்க. ஆனா எங்களுக்கு வேற ஆள் வேணும்."

நகம் பார்த்த பெண் அவர் இடத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் கண்ணாடிக்குப் பின்னால் இருட்டுக்குப் போனார். அந்தப் பெண் அதிகம் பேசவில்லை. "உங்கம்மாவப் பத்தி ஏதோ சொல்ல வந்தீங்களே?" என்றாள், அவ்வளவுதான்.

"எங்கம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்ப இவர் ஒரு தடவகூட வந்து எட்டிப் பாக்கல. நான் அழுதா ஜோக்கு சொன்னார்."

இருட்டில் சமாதானம் முகத்தைப் பொத்திக்கொண்டார். அந்த ஜோக்குகளுக்குத்தானே அவர் அப்படிச் சிரித்தார்!

டிரைவர் இந்தத் தடவை ஜோக் எடுத்துவிடவில்லை. "ஆஸ்பத்திரின்னாலே எனக்குக் கை காலெல்லாம் நடுங்கும். அத இவகிட்ட எப்படிச் சொல்றது? வெக்கமா இருந்துச்சு" என்றார். மனைவி முதல் முறையாக அவர் பக்கம் திரும்பினாள்.

சமாதானம் பயிற்சியில் தேறாமல் அந்த வருடத்தை மறுபடி படிக்க வேண்டியதாயிற்று. சொந்தத்தில் பஞ்சாயத்துக்கு யார் கூப்பிட்டாலும் போகவில்லை. படிச்சதும் தலைக்கனம் ஏறிடுச்சு என்றார்கள், கேட்டுக்கொண்டார்.

மழை விடாமல் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கையே போன் செய்தாள். முதலில் மழையைப் பற்றிப் பேசினாள். பிறகு நிறுத்தாமல் பேசினாள். நடுவில் சந்தேகம் வந்து, "லைன்ல இருக்கியா?" என்றாள்.

"இருக்கேன்மா."

"அன்னிக்கு என்னத் திருப்பி அனுப்பினது தப்புண்ணா."

தொண்டை வரைக்கும் ஏதேதோ காரணங்கள் வந்தன. அவர் விழுங்கிக்கொண்டார்.

"ஆமாம்மா, தப்பு. மேல சொல்லு."