ஆறாம் பக்கத்தில் என் மகன்

என் மனைவி இறந்தபோது மரண அறிவித்தலை நானே எழுதினேன். பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் தொழிலையும் இடத்தையும் போடுவது எங்கள் வழக்கம். மகளுக்கு 'மருந்தாளர், அஜக்ஸ்' என்று போட்டேன். மகனுக்கு 'பொறியியலாளர், அமெரிக்கா' என்று போட்டேன். இரண்டாவதாகப் போட்டது பொய்.

அவன் பேஸ்போல் விளையாடியவன். கச்சர். மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் முகக்கவசத்தோடு குந்தியிருந்து, வருகிற பந்தையெல்லாம் பிடிக்கிறவன். பதினேழு வருடம் அதுதான் அவனுக்குச் சம்பளம் தந்த தொழில். ஒரு கோடையில் பதினொரு நாள் பெரிய அணிக்குக் கூப்பிட்டார்கள். பிறகு திருப்பி அனுப்பிவிட்டார்கள். மற்றபடி சின்ன அணிகள், சின்ன ஊர்கள், நீண்ட பஸ் பயணங்கள். குளிர்காலத்தில் மெக்சிக்கோ. ஒரு வருடம் தாய்வான். ஒரு ஆட்டத்துக்கும் நான் போனதில்லை. கனடாவில் நாங்கள் இருக்கும் ஸ்காபரோவில் யார் விசாரித்தாலும், "கொம்பனி அவனை அடிக்கடி இடம் மாத்துது" என்பேன். கணிதம் படிப்பித்தவன் நான். எதைச் சொன்னால் அடுத்த கேள்வி வராது என்று தெரியும்.

உடலைப் பார்வைக்கு வைத்த மண்டபத்தின் வாசலில் அந்த அறிவித்தல் ஒட்டியிருந்தது. மகன் நின்று வாசித்தான்.

"அம்மாவுக்கு இன்னொரு மகன் இருக்கிறாரோ, அப்பா?"

அதற்குப் பிறகு அவன் என்னோடு கதைக்கவில்லை. பெற்ற மகனைத் தாயின் செத்தவீட்டிலேயே மறைத்தேன். இதற்கு நான் சமாதானம் எதுவும் சொல்லப்போவதில்லை.

முப்பத்தோராம் நாள் கொடுக்கும் நினைவுமலரில் அதைத் திருத்துவது என்று தீர்மானித்தேன். ஆறாம் பக்கம் முழுவதையும் அவனுக்கு ஒதுக்கினேன். அவன் எந்தெந்த ஊர்களில் விளையாடினான் என்பது எனக்குத் தெரியாது. பார்சல் அனுப்புவதற்காக மனைவி அவனுடைய விலாசங்களை ஒரு கொப்பியில் வைத்திருந்தாள். பழையதை வெட்டி, கீழே புதியது. அதைப் பார்த்துப் பதின்மூன்று ஊர்களை எழுதினேன்.

மலரை அச்சிடும் பொறுப்பு மார்க்கம் நகரில் இருக்கும் மனைவியின் தம்பிக்கு. நான் எழுதி அனுப்பிய அடுத்த நாளே போன் எடுத்தான்.

"அத்தான், ஆறாம் பக்கத்தை விடுவம். என்ரை மகளுக்குச் சம்பந்தம் பேசிறம். மாப்பிள்ளை பகுதி வாசிச்சா என்ன நினைப்பினம்?"

"பொம்பிளையின்ரை மச்சான் பந்து பிடிக்கிறவன் எண்டு நினைப்பினம்."

"முந்தி எஞ்சினியர் எண்டு போட்டனீங்கள். இப்ப சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். பொய் சொன்னது நான். என்னைப் பாத்துச் சிரிக்கட்டும். அந்தப் பக்கம் இல்லாட்டி மலரே வேண்டாம், தம்பி."

"உங்களோடை கதைக்கேலாது" என்று வைத்துவிட்டான். ஆனால் பக்கம் அச்சானது.

முப்பத்தோராம் நாள் மண்டப வாசலில் நின்று மலர்களை நானே கொடுத்தேன். ஒவ்வொருவருக்கும் ஆறாம் பக்கத்தை விரித்துத்தான் கொடுத்தேன். என்னோடு படிப்பித்த ஒருவர் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார்.

"உது என்ன உத்தியோகம், மாஸ்டர்?"

"குந்தியிருக்கிற உத்தியோகம். முழங்கால் ரெண்டும் தேஞ்சு போட்டுது. நீங்களும் நானும் ஒரு நாள் தாக்குப்பிடிக்க மாட்டம்."

அவர் மலரை மூடிக்கொண்டு சாப்பாட்டுப் பக்கம் போனார்.

மகன் வந்து ஒரு மலரை எடுத்தான். விரல் வைத்து, தமிழை எழுத்துக்கூட்டி வாசித்தான். அந்த வலதுகை விரல்கள் கோணியிருந்ததை அன்றுதான் கவனித்தேன்.

"ஒரு ஊர் குறையுது, அப்பா."

"கொப்பியிலை பதின்மூண்டுதான் கிடந்தது."

"அந்த ஊரிலை விரல் முறிஞ்சு இருந்தனான். ஆறு கிழமை. அம்மா பயப்பிடுவா எண்டு விலாசம் குடுக்கேல்லை."

"பேரைச் சொல்லு."

சொன்னான். பேனையை எடுத்து, கொடுக்காமல் இருந்த மலர்கள் எல்லாவற்றிலும் கடைசி ஊருக்குக் கீழே அதை எழுதினேன். பிறகு உள்ளே போய், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களிடம் அவரவர் மலரைத் திருப்பிக் கேட்டேன். முதலில் மனைவியின் தம்பியிடம்தான் போனேன்.