கேமராவைப் பார்க்காதே

தேவிகுளத்துக்கு மேலே இருக்கிற அந்த எஸ்டேட்டில் சூசையப்பன் உங்களைப் படம் எடுக்க வேண்டுமென்றால் ஒரே ஒரு நிபந்தனை. கேமராவைப் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டீர்களோ, போச்சு. "சே, கெடுத்துட்டீங்களே" என்று தலையில் அடித்துக்கொள்வான். பிள்ளைகளின் முதல் நற்கருணைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் படம் கேட்டு வந்தவர்களை, "அதுக்கெல்லாம் மூணாறு ஸ்டுடியோவுக்குப் போங்க, நான் எடுக்கறது வேற" என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவான். வேற என்றால் என்ன என்று கேட்டால் அவனுக்கே சொல்ல வராது. அவன் படத்தில் முதுகு வரும். கை வரும். பனிக்குள் ஒரு குடை வரும். முகம் மட்டும் வராது.

மனிதன் கெட்டவன் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். தேயிலை ஆலையில் இலை வாட்டுகிற தளத்தில் பதினெட்டு வருஷ வேலை. குடி கிடையாது, சீட்டு கிடையாது. முப்பத்தைந்து வயதுவரை அந்த மலையை அவன் நிமிர்ந்து பார்த்ததும் கிடையாது. பிறந்த ஊரை எவன் பார்க்கிறான்? சுற்றிப் பார்க்க வந்த யாரோ மூணாறில் விற்றுவிட்டுப் போன பழைய கேமராவை ஒரு போனஸுக்கு வாங்கினான். மறுநாள் காலையில் பத்தாம் நம்பர் தேயிலைக் காட்டில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது பனி இறங்கியது. கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்தவன் அரை மணி நேரம் இறக்கவில்லை.

"தாத்தன் காலத்துல இருந்து இங்கனதான கெடக்கோம். இம்புட்டு அழகா இருக்குன்னு ஒருத்தனும் சொல்லலையே" என்றான், வீட்டுக்கு வந்து மனைவியிடம்.

"ஒருநாள் கூடையைச் சுமந்து பாருங்க. அழகு இன்னும் நல்லாத் தெரியும்" என்றாள் பிலோமி.

பிலோமி அதே காட்டில் கொழுந்து எடுப்பவள். கல்யாணமாகிப் பதினான்கு வருஷம், குழந்தை இல்லை. வாயாடி என்று பெயர் வாங்கியவள். இவன் கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வேறு யார் வந்து நிற்பார்கள்? அதனால் அவளே வந்து நின்றாள். மழையில் நின்றாள், பனியில் நின்றாள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் கறி வாங்கப் போகையில் இவள் படங்கைக் கட்டிக்கொண்டு காட்டில் நின்றாள். படங்கு என்பது கொழுந்து எடுப்பவர்கள் ஈரத்துக்கு இடுப்பில் சுற்றிக்கொள்ளும் தார்ப்பாய்த் துண்டு. அது காற்றில் ஆடினால் சூசையப்பனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

ஒரே ஒரு கஷ்டம், அவளால் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியாது. ஏதாவது சொல்லிக்கொண்டே திரும்புவாள், கேமராவைப் பார்த்துச் சிரித்துவிடுவாள். "கேமராவைப் பாக்காதன்னு எத்தன தடவ சொல்றது?" என்று இவன் கத்துவான். "கேமராவ யாரு பாத்தா? உங்களத்தான பாத்தேன்" என்பாள். இவனுக்கு அதெல்லாம் காதில் ஏறாது. பார்த்த படத்தை எல்லாம் அங்கேயே, அவள் கண்ணெதிரிலேயே அழித்துவிடுவான். கார்டில் இடம் வேண்டுமே!

அப்படி எடுத்ததில் ஒன்றுக்கு எர்ணாகுளத்தில் நடந்த ஒரு போட்டியில் இரண்டாம் பரிசு கிடைத்தது. பனி நடுவில் தனியாக ஒரு பெண், முதுகு மட்டும், படங்கு ஒரு பக்கமாகப் பறக்கிறது. கண்காட்சிக்கு அவளையும் கூட்டிப்போனான். பிலோமி படத்துக்கு முன்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்தாள். "நீங்க சொன்னாத்தான் இது நான்னு எனக்கே தெரியுது" என்றாள். ஆனாலும் பெருமைதான். வாட்ஸ்ஆப்பில் அந்தப் படத்தையே தன் படமாக வைத்துக்கொண்டாள். அவளிடமிருந்து யாருக்குச் சேதி போனாலும் அந்த முதுகுதான் போகும்.

போன ஆகஸ்டில் மழை நிற்காமல் பெய்தது. எஸ்டேட்டில் வேலை நிறுத்திவிட்டார்கள். மற்றவர்களுக்கு லீவு என்றால் போர்வை. சூசையப்பனுக்கு லீவு என்றால் வட்டவடை. அந்த மலைக்கிராமத்தில் மழைக்குள் பூண்டு பிடுங்குகிறவர்களைப் படம் எடுக்க வேண்டுமென்று முதல் ஜீப்பைப் பிடித்துப் போய்விட்டான். அந்த வருஷப் போட்டிக்குக் கடைசித் தேதி நெருங்கியிருந்தது. அங்கே டீக்கடையில் மழை விடக் காத்திருந்தபோது கார்டைப் பார்த்தான். இரண்டு நாள் முந்தி பிலோமியை மழையில் நிறுத்தி எடுத்து, கொட்டுகிற மழையில் அங்கேயே அழிக்க முடியாமல் விட்ட படங்கள் நிறைந்து கிடந்தன. முதுகு நன்றாக வந்த இரண்டை வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்த்ததை எல்லாம் மளமளவென்று அழித்தான். எண்பதோ தொண்ணூறோ இருக்கும். டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டான்.

மழை விடவேயில்லை. ஒரு படமும் எடுக்காமல் திரும்பி வருகிற வழியில்தான் ஜீப்பை நிறுத்திச் சொன்னார்கள், மேல் டிவிஷனில் உருள் பொட்டிவிட்டது என்று. காலை ஒன்பது மணிக்கு மலை அப்படியே வழிந்து இறங்கி அவன் குடியிருந்த லயத்து வரிசையில் கடைசி நாலு வீட்டை எடுத்துக்கொண்டு போயிருந்தது. அதில் மூன்றாவது வீடு சூசையப்பனுடையது.

பிலோமியை மூன்றாம் நாள் எடுத்தார்கள். கூட வேலை பார்க்கும் ஜோமோன் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இரண்டு கையாலும் இவன் தோளைப் பிடித்துக்கொண்டான். "சூசண்ணே, அக்காதான். தாலியப் பாத்தேன். நீங்க பாக்க வேணாம். நான் சொல்றதக் கேளுங்க." சூசையப்பன் கேட்டான். பெட்டியை மூடியபடியே அடக்கம் செய்தார்கள்.

நாற்பத்தொன்றாம் நாள் பூசைக்கு ஆயத்தம் செய்தபோதுதான் அது தலைமேல் இடிந்தது. பீடத்தருகே வைக்கப் படம் வேண்டும். கல்லறைப் பலகையில் பதிக்கவும் வேண்டும். கோயிலில் கேட்டார்கள், "உங்ககிட்ட இல்லாத படமா, நல்லதா ஒண்ணு குடுங்க" என்று.

நல்லதாக ஒன்று. அவன் இணையத்தில் போட்டு வைத்திருந்தது முந்நூற்றுச் சொச்சம் படம். அதில் பாதிக்கு மேல் பிலோமி. காலியாகக் கிடந்த வேறு லயத்து வீட்டில், யாரோ கொடுத்த பாயில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். முதுகு, கை, கூடை. முக்காடு போட்ட தலை. விரலுக்கு நடுவில் ஒரு கொழுந்து, அந்த விரல் வெடிப்புக்கூட எண்ணுகிற அளவுக்குத் தெளிவு. முகம் இல்லை. முந்நூறிலும் இல்லை. பிழை இல்லாமல் எடுத்திருக்கிறான் பாவி!

கல்யாண ஆல்பம் அலமாரியோடு மண்ணுக்குள். அவள் போன் மண்ணுக்குள். கூட நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கக்கூடிய பக்கத்து வீட்டுக்காரிகளும் மண்ணுக்குள். திருப்பூரில் இருக்கும் அவள் அண்ணன் போனில் தங்கச்சி பெயருக்கு நேரே அந்த முதுகுதான் இருந்தது. கீழ் லயத்துக் கோமதி பெருநாள் கூட்டத்தில் எடுத்த படம் ஒன்றை ஓடிவந்து காட்டினாள். அதில் யாருடைய குடைக்குப் பின்னாலோ பிலோமியின் நெற்றியும் ஒரு கண்ணும். எஸ்டேட் ஆபீஸில் இருந்த ஆதார் நகலில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள், கரி பிடித்த சட்டி மாதிரி வந்தது. "இது பிலோமியா? அவ ஆவிகூட இப்படி இருக்காதே" என்று சொல்லிவிட்டுக் கோமதியே அழுதாள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சொல்வார்கள். சூசையப்பனுக்குக் கண் கெடவில்லை, அதுதான் வேதனை. நன்றாகத் தெரிகிற கண்ணை வைத்துக்கொண்டு பதினான்கு வருஷம் பார்க்காமல் விட்டவன் அவன். யாரிடமும் இதைச் சொல்லவில்லை. சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டான்.

ரியாஸ்தான் போன் செய்தான். கஞ்சிக்கோட்டில் மொபைல் கடை வைத்திருக்கிறவன், படம் எடுக்கிறவர்களின் குழுவில் ஐந்தாறு வருஷப் பழக்கம். விஷயத்தைக் கேட்டதும் அவன் குரல் மாறிவிட்டது. "ஏனுங்கண்ணா, அந்தக் கார்டுல அப்புறம் எதுனா எடுத்தீங்களா?"

"கேமராவத் தொடவே இல்லப்பா."

"அப்ப தொடாதீங்க. அழிச்சது அழியாதுங்க, மேல வேற படம் ஏறுற வரைக்கும் அடியில அப்படியே கெடக்கும். எடுத்துட்டு வாங்க, நான் எடுத்துத் தர்றனுங்க."

இத்தனை நாளில் முதல் தடவையாக அன்று சூசையப்பன் வயிறாரச் சாப்பிட்டான். பூசைக்கு இரண்டு நாள் இருந்தது. உடுமலைப் பேருந்தில் ஏறி, பொள்ளாச்சி மாறி, பாலக்காடு மாறி, கஞ்சிக்கோடு போய் இறங்கும்வரை சட்டைப் பையில் இருந்த கார்டை விட்டுக் கையை எடுக்கவில்லை. வழியெல்லாம் ஒரே யோசனை, சிரித்ததில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று. சிரித்த படம் கல்லறைக்கு ஆகாது என்று கோயிலில் சொல்வார்களோ? சொன்னால் சொல்லட்டும், பிலோமி அப்படித்தான் என்று சொல்லிவிடலாம்.

ரியாஸின் கடை ஆலைகளுக்குப் போகிற சாலை ஓரத்தில் இருந்தது. வெளியூர்த் தொழிலாளர்கள் உடைந்த போன்களோடு வரிசையில் நின்றார்கள். அவர்களைக் கவனிக்க மனைவி ஹஃப்ஸாவை உட்கார வைத்துவிட்டு ரியாஸ் கணினி முன் உட்கார்ந்தான்.

"சிரிச்சிச் சிரிச்சிக் கெடுத்துட்டாப்பா, அதான் அழிச்சேன்" என்றான் சூசையப்பன். நாற்பது நாளில் அவன் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் வெளிச்சம்.

முக்கால் மணி நேரம் ஓடியது. சின்னச் சின்னக் கட்டங்களாகப் படங்கள் மேலே வந்தன. முதலில் வந்தவை எல்லாம் பாதியில் சாம்பல் நிறமாகப் போயிருந்தன. பிறகு ஒன்று முழுசாக வந்தது. ரியாஸ் அதைத் திறந்தான்.

பிலோமி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடி கன்னத்தில் ஒட்டியிருந்தது. உதடு வெளுத்து நீலம் பாரித்திருந்தது. சிரிப்பு இல்லை. காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற இடத்தில், தன் பெயர் எப்போது வரும், எப்போது போகலாம் என்று நிற்கிறவள் கணக்கப்பிள்ளையைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"அடுத்தது போடு" என்றான் சூசையப்பன்.

அடுத்ததிலும் அதே பார்வை. அதற்கடுத்ததிலும். முழுசாகத் தேறியது பதினொன்று. பதினொன்றிலும் அவள் இவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றில்கூடச் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது, அன்று அவள் ஏதோ சொன்னாள். "உடம்பு காயுதுங்க, போவோமா?" என்று சொன்னாள். ஒரு தடவை இல்லை, மூன்று நாலு தடவை. இன்னும் ரெண்டே நிமிஷம், இன்னும் ரெண்டே நிமிஷம் என்று இவன் முக்கால் மணி நேரம் நிறுத்தினான். அவள் சிரிப்பதை எப்போது விட்டாள்? போன வருஷமா? அதற்கும் முன்னாலா? பார்த்தாளா பார்க்கவில்லையா என்று மட்டும்தான் அவன் பார்த்தான். வேறு எதையும் பார்க்கவில்லை.

பின்னால் வந்து நின்ற ஹஃப்ஸா மெதுவாகக் கேட்டாள். "அக்கா அழுகறாங்களா?"

"மழத் தண்ணிம்மா" என்றான். சொல்லிவிட்டானே தவிர, அவனுக்குத் தெரியாது.

"வேற கார்டு, பழசு எதுனா இருக்குதுங்களா?" என்றான் ரியாஸ்.

"எல்லாம் வீட்டோட போச்சு."

ரியாஸ் அந்தப் பதினொன்றையும் மறுபடி ஒருமுறை தள்ளிப் பார்த்தான். நல்ல பையன், இவன் உட்கார்ந்திருக்கிற கோலம் அவனுக்குத் தாங்கவில்லை. இருந்ததில் தெளிவான ஒன்றைத் தன் போனுக்கு மாற்றினான். "இப்பெல்லாம் ஏஐ வச்சுச் செய்யலாமுங்கண்ணா. சிரிக்கற மாதிரி ஆக்கிடலாம், நிறைய வீட்டுக்கு நான் செஞ்சு குடுத்திருக்கறனுங்க. ஒரு நிமிசம் இருங்க." எதையோ அழுத்தினான். வட்டம் ஒன்று சுற்றியது. நின்றது.

பிலோமி சிரித்துக்கொண்டிருந்தாள். முடி காய்ந்திருந்தது, கன்னம் பளபளத்தது, உதட்டுக்கு நடுவில் ஒரு வரிசை வெள்ளைப் பல். ரியாஸ் போனை இவன் கையில் கொடுத்தான்.

"பாருங்கண்ணா. அக்கா சிரிப்பு இப்படித்தானுங்களா இருக்கும்? இல்லீன்னா சொல்லுங்க, மாத்திக்கலாம்."

இல்லை என்று சொல்லத்தான் சூசையப்பன் வாயைத் திறந்தான். அவள் சிரிக்கிறபோது பல் தெரியுமா, எவ்வளவு தெரியும், கன்னத்தில் குழி விழுமா, எந்தக் கன்னத்தில்? பதினான்கு வருஷம் ஒரே அடுப்பில் சோறு தின்றவன் யோசித்து யோசித்துப் பார்த்தான். அவள் சிரிப்பாள் என்பது தெரியும். எப்படிச் சிரிப்பாள் என்று தெரியவில்லை.

ரியாஸ் பதிலுக்காக அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.