பாலேந்திரனின் சோளப்பாம்பு

பாலேந்திரனால் ஓரிடத்தில் இருக்க முடியாது. துன் நகரத்தில் அவனை அறிந்த தமிழர்கள் எல்லாரும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட விஷயம் இது ஒன்றுதான். ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவும்போதுகூட ஒரு கால் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். கிற்றார் பழகினான், நரம்பு அறுந்ததோடு விட்டுவிட்டான். ஜெர்மன் வகுப்புக்குப் போனான். பனி கொட்டத் தொடங்கியதும் நின்றுவிட்டான். தூண்டில் வாங்கினான். மீன் வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் அதைக் கதவுக்குப் பின்னால் சாத்திவைத்தான்.

அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. இருப்போமா, திருப்பி அனுப்புவார்களா என்று தெரியாதவன் எதில்தான் கால் ஊன்றுவான் என்று கேட்கலாம். ஆனால் அதே காத்திருப்பு அந்த வீட்டில் மற்ற இருவருக்கும் இருந்தது. அவர்கள் சோறு சமைத்தார்கள், தூங்கினார்கள். ஆகவே பழி முழுவதையும் விண்ணப்பத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

மற்ற இருவரில் தம்பித்துரை ஐம்பதை நெருங்கியவர். வீடு அவர் பெயரில் எடுத்தது. வெள்ளிக்கிழமைகளில் மச்சம் மாமிசம் தொடமாட்டார். சிறீதரன் வயதில் சின்னவன், வாயில் பெரியவன்.

எண்பத்தாறாம் ஆண்டு வசந்தத்தில் ஹோட்டல் சமையலறையின் பின்வாசல் வழியே ஏரியிலிருந்து ஒரு தண்ணீர்ப்பாம்பு உள்ளே வந்தது. எல்லாரும் கத்தினார்கள். பாலேந்திரன் தரை கூட்டும் தும்புத்தடியை ஓங்கிவிட்டான். யோசித்துச் செய்ததல்ல, பாம்பென்றால் கை தானாகத் தடியைத் தேடும். அப்போது கடிதங்களோடு வந்த தபால்காரர் வெங்கர் பையைக் கீழே வைத்தார், குனிந்தார், பாம்பைக் கைகளில் ஏந்திக்கொண்டுபோய் நாணல்களுக்குள் விட்டுவந்தார். கை கழுவிவிட்டுக் கடிதத்துக்குக் கையெழுத்துக் கேட்டார்.

அன்று முழுவதும் பாலேந்திரனுக்கு வேலை ஓடவில்லை. தான் ஓங்கிய தடி ஒரு பக்கம், அந்த மனிதரின் விரிந்த கை ஒரு பக்கம். அடுத்த நாள் வெங்கரைப் பின்வாசலில் மறித்து, தெரிந்த ஜெர்மனில் கேட்டான். ஒரு பாம்பு வேண்டும். வளர்க்க. பார்க்க வடிவாகவும் சிநேகமாகவும் இருக்க வேண்டும்.

வெங்கர் பக்கத்து ஊரான ஸ்டெஃபிஸ்பூர்க்கில் இருந்தார். வீட்டுக்கு அடியில் தடித்த கொங்கிறீற் கதவு போட்ட அறை. யுத்தம் வந்தால் ஒளிந்துகொள்ள என்று இந்த நாட்டில் வீட்டுக்கு வீடு கட்டிவைத்திருக்கும் பதுங்குகுழி அது. சுவர் நீளத்துக்குக் கண்ணாடிப் பெட்டிகள், உள்ளே மஞ்சள் விளக்குகள்.

“எங்கள் ஊரில் குண்டு விழுகிறது, இப்படி அறை இல்லை” என்றான் பாலேந்திரன். “இங்கே அறை இருக்கிறது, குண்டைக் காணோம்.”

“அதனால்தான் பாம்புகளுக்குக் கொடுத்துவிட்டேன்” என்றார் வெங்கர்.

பாலேந்திரனின் கண் முதலில் போய் நின்றது ஒரு மலைப்பாம்பில். கரும்பழுப்பில் பொன்னிறத் திட்டுகள். பந்துபோலச் சுருண்டு, தலையை நடுவில் புதைத்து, அசையாமல் கிடந்தது. இதுதான், என்றான் அவன். இவ்வளவு அமைதியான ஒரு உயிரைத் தான் பார்த்ததே இல்லை.

“அமைதி இல்லை, பயம்” என்றார் வெங்கர். “ஆப்பிரிக்கக் காட்டில் பிடித்து விற்றிருக்கிறார்கள். வாங்கியவர் வளர்க்க முடியாமல் என்னிடம் விட்டார். மாதக்கணக்காக ஒன்றும் தின்னவில்லை. முதல் முதலாக வளர்க்கிறவர் இதன் பக்கமே போகக்கூடாது.”

அடுத்தது மஞ்சள் கோடு போட்ட மெல்லிய பாம்பு. அழகுதான், ஆனால் தூக்கினால் கையில் நாற்றத்தைப் பீச்சும். இரண்டு நாளைக்குப் போகாது. மூன்றாவது பெட்டியிலிருந்து பென்சில் தடிப்பில் ஒரு குட்டியை எடுத்து அவன் கையில் வைத்தார். செம்மஞ்சள் உடல், கறுப்பு விளிம்பிட்ட சிவப்புத் திட்டுகள். வயிற்றைத் திருப்பிக் காட்டினார்: உதிர்த்த சோளமணிகளை அடுக்கியதுபோலக் கறுப்பும் வெள்ளையும். அமெரிக்காச் சோளப்பாம்பு. விஷமில்லை. அவர் வீட்டிலேயே முட்டையிலிருந்து பொரித்தது, முறையாகத் தின்னும், பெட்டியின் ஒரு பக்கம் சூடும் ஒரு பக்கம் குளிரும் இருந்தால் போதும்.

ஆனால் அது ஓயவில்லை. விரலிடுக்கில் புகுந்து, மணிக்கட்டைச் சுற்றி, முழங்கைக்கு ஏறி, திரும்பி வந்தது. பாலேந்திரனுக்கு ஏமாற்றம். ஓயாத ஒன்று ஏற்கெனவே அவனிடம் இருந்தது.

“இது சிநேகமானதா?”

“சிநேகமான பாம்பு என்று ஒன்று இல்லை. பொறுத்துக்கொள்ளும் பாம்பு உண்டு. உங்களை ஒரு மரக்கிளை என்று நினைக்கும். அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். பயமில்லை, அதனால் ஊர்கிறது. முடியாவிட்டால் திருப்பிக் கொண்டுவாருங்கள், அதில் வெட்கமில்லை.”

பாலேந்திரன் அந்தக் குட்டியையே ஒரு கண்ணாடிப் பெட்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தான். தம்பித்துரை பெட்டியைப் பார்த்தவுடன் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

“என்ன கோதாரியடா இது?”

“வீட்டுக்காரர் நாயும் பூனையும்தானே கூடாதெண்டவர், அண்ணை.”

“புலி கூடாதெண்டும் அவர் சொல்லேல்லை. அதையும் கொண்டு வாவன்!”

“விடுங்கோ அண்ணை” என்றான் சிறீதரன். “கிற்றார் மூண்டு மாசம், தூண்டில் மூண்டு கிழமை. பாம்புக்கு மூண்டு நாள் குடுங்கோ.”

மூன்று நாள் கடந்தது, கோடையும் வந்தது. பாலேந்திரன் தண்ணீர் மாற்றினான், சூடு பார்த்தான், வெங்கர் கொடுத்த செத்த எலிக்குஞ்சுகளை உறைபெட்டியிலிருந்து எடுத்து இளக்கி ஊட்டினான். ஆனால் மனதுக்குள் பழைய அரிப்பு தொடங்கிவிட்டதை அவன் அறிந்திருந்தான். பெட்டியைத் துடைக்கும்போது கண் யன்னலுக்குப் போனது. இதையும் விட்டால் தன்னைப் பற்றி எல்லாரும் சொல்வது உண்மையாகிவிடும் என்பது மட்டும் அவனைப் பிடித்து வைத்திருந்தது. இதையும் விட்டால் இனி எதையும் தொடங்க மாட்டான். அதுவும் அவனுக்குத் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு வேலைக்காக ஹோட்டலிலேயே தங்கி, சனிக்கிழமை மத்தியானம் வந்தபோது பெட்டியின் மூடி சரிந்திருந்தது. உள்ளே பாம்பு இல்லை. ஒரு சின்னக் கிண்ணத்தில் திரைந்த பால், பக்கத்தில் உடைத்து ஊற்றிய முட்டை.

அவன் மனதில் முதலில் எழுந்தது பதற்றமல்ல, ஆறுதல். போய்விட்டது, நான் விடவில்லை, அதுவே போய்விட்டது. அந்த ஆறுதலுக்கு வெட்கி, கிண்ணத்தைக் கையில் எடுத்துக் குரல் கொடுத்தான்.

“ஆர் பால் வைச்சது?”

தம்பித்துரை வாசலில் வந்து நின்றார். முகம் வாடியிருந்தது. “நான்தான் தம்பி. நேற்று வெள்ளிக்கிழமை. வீட்டிலை நாகம் இருக்க, அதுக்கு ஒண்டும் வைக்காமல் நான் எப்பிடிச் சாப்பிடுறது?”

“அண்ணை, இது நாகமில்லை. அமெரிக்காப் பாம்பு. பால் குடியாது.”

“அமெரிக்காவிலை பிறந்தால் கோயில் அம்மாளுக்குத் தெரியாதோ?” என்றவர், குரல் தாழ்த்தினார். “மூடியைத் திருப்பித் தொடப் பயமாய்க் கிடந்தது. சும்மா வைச்சிட்டு ஓடியிட்டன்.”

பயத்தோடு அந்தக் கையை உள்ளே நீட்டியிருக்கிறார் என்பது பாலேந்திரனுக்கு அப்போதுதான் உறைத்தது. கோபம் எங்கோ வழி தவறியது.

கட்டிலடி, சப்பாத்துகள், அரிசிப்பை எல்லாம் தேடினார்கள். சிறீதரன்தான் கண்டான்: குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால், மோட்டாரின் சூட்டில், செம்மஞ்சளாய் ஒரு வால்நுனி. பெட்டியை இழுக்கப் போனவனைப் பாலேந்திரன் தடுத்து, வெங்கருக்குத் தொலைபேசி எடுத்தான். இழுத்தால் நசிந்துவிடும், என்றார் அவர். மின்சாரத்தை நிறுத்துங்கள், மோட்டார் ஆறட்டும். வெளியே ஒரு சுடுதண்ணீர்ப் பையை வையுங்கள். பக்கத்தில் ஒருவர் மட்டும் இருங்கள். கால் அசைந்தால் நிலம் அதிரும், அதிர்ந்தால் வராது.

“பாலண்ணை அசையாமல் இருக்கிறதோ?” என்றான் சிறீதரன். “அப்ப அது பென்சன் எடுத்துத்தான் வெளியிலை வரும்.”

“வரட்டும். வந்தால் நாளைக்கே ஸ்டெஃபிஸ்பூர்க்குக்குக் கொண்டுபோய்க் குடுத்திடு” என்றார் தம்பித்துரை. “எங்கள் எல்லாருக்கும் நிம்மதி.”

பாலேந்திரன் சமையலறைத் தரையில் உட்கார்ந்தான். முதலில் பெருவிரல் துடித்தது, பிறகு முழங்கால். கையால் முழங்காலை அழுத்திப் பிடித்தான். எழும்பிப் போ என்று உடம்பு முழுவதும் சொன்னது. சாளரத்தில் வெயில் இடம் மாறியது. அவன் ஞானம் பெறவில்லை. கால் மரத்தது, முதுகு வலித்தது, சிறுநீர் முட்டியது. எழும்பவில்லை, அவ்வளவுதான்.

குளிர்சாதனப் பெட்டியின் ஓரத்தில் தலை தெரிந்தது. நாக்கு நீண்டு காற்றைத் தொட்டது. பையின்மேல் ஏறி, இறங்கி, அவன் கணுக்காலுக்கு வந்தது.

“பிடி தம்பி, பிடி!” வாசலில் பானைமூடியை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி தம்பித்துரை.

“பொறுங்கோ அண்ணை.”

அது தானாக மடிக்கு ஏறும்வரை விட்டுவிட்டுத்தான் கையை அடியில் கொடுத்தான்.

காலையில் தம்பித்துரை தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார். “பஸ் எத்தினை மணிக்கு?”

“குடுக்கப் போறேல்லை அண்ணை. உங்களுக்குச் சரிவராட்டி நான் வேறை அறை பாக்கிறன். அதையும் கொண்டு போறன்.”

எதையாவது விட்டுவிட்டுப் போகிறேன் என்றுதான் இந்த இரண்டு வருடமாக அவன் சொல்லி அவர் கேட்டிருக்கிறார். தேநீரைக் குடித்து முடித்தார்.

“மூடிக்கு ஒரு பூட்டு வாங்கு” என்றார். “ஒரு திறப்பை என்னட்டைத் தா.”

“உங்களுக்கு ஏன்?”

“நீ வேலைக்குப் போனால் ஆர் தண்ணி வைக்கிறது?”

“தண்ணிதானே, அண்ணை?”

“தண்ணிதான்” என்றார் தம்பித்துரை, அவ்வளவு உறுதியில்லாமல்.