சபையில் கொடுத்த கார்

என்னுடைய காரைப் பார்ப்பவர்கள் முன்பெல்லாம் "இது ஓடுமா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். இப்போது "என்ன விலைக்குப் போகும்?" என்று கேட்டுப் பெருமூச்சு விடுகிறார்கள். முந்திய கேள்வியே நல்லது. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் காட்டினால் வாயை மூடிக்கொண்டு போய்விடுவார்கள். இந்த விலைக்காரர்களை என்ன செய்வது?

இரண்டே பேர் இருக்கக்கூடிய, கூரை இல்லாத, இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. ஓட்டமாவடியில் ஓர் அரிசி ஆலையின் பின்புறத்தில், சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த நிலையில் வாங்கினேன். சாமான் கழற்றுவதற்கென்று அதே இனத்தில் எஞ்சின் இல்லாத இன்னொன்றையும் வாங்கினேன். மூன்றாவதை வாங்கப் போன இடத்தில் மனைவி போனில் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. வந்தாறுமூலைக் கம்பஸில் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க என் சனி, ஞாயிறெல்லாம் அந்தத் தகரங்களுக்கு அடியில்தான் கழிந்தன. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இந்த உப்புக் காற்றில் துருப்பிடித்த இடத்தை வெட்டி ஒட்டினால், ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் துருப்பிடிக்கும்.

ஆனால் அதன் பாரமின்மை இருக்கிறதே! ஒரு மாரிக்கு வீட்டு வளவுக்குள் வெள்ளம் ஏறியபோது அயலவர் ஏழெட்டுப் பேரும் நானும் சேர்ந்து அதைக் கையால் தூக்கி விறாந்தையில் வைத்தோம். மூன்று நாள் கார் விறாந்தையில் இருந்தது, மனைவி அடுப்போடு குசினிக்குள் இருந்தாள். "இந்த அறுந்த காருக்கு மட்டும் இடமிருக்கு" என்று அவள் சொன்னது இன்றும் என் காதில் கிடக்கிறது. அதுவே ரோட்டில் ஏறினால், கல்லடிப் பாலத்தில் காற்று எதிரே வந்து அடிக்க, எனக்கு வயது என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். அதற்காகத்தான் அந்தப் பாடெல்லாம் பட்டேன். விற்பதற்கு அல்ல.

எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு மகளுக்கு. மருமகன் அந்த வீட்டுக்கு வருவார். தாய் தகப்பன் அதே வளவின் பின்னால் சின்னதாய் ஒரு வீடு போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். எனக்கு ஒரே மகள். கலியாணப் பேச்சுக்கு வந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அந்தத் தகரக் கொட்டகையும் வீடு எழுதுற உறுதிக்குள்ள வருமா?" என்று கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. என்னை என்ன கஞ்சனென்று நினைத்தாரா?

"கொட்டகை என்ன கொட்டகை! வளவுக்குள்ள நிக்கிறதெல்லாம் என்ட புள்ளைக்குத்தான். நாங்க ரெண்டு பேரும் உடுத்த துணியோட பின்னுக்குப் போறம்" என்றேன்.

சபையே தலையாட்டியது. எங்கள் ஊரில் பெண்ணைப் பெற்றவன் அப்படித்தான் பேசுவான். பேசாவிட்டால் மதிப்பில்லை. பேசும்போது கொட்டகைக்குள் என்ன நிற்கிறதென்று எவன் யோசிப்பான்? அன்றைக்கு அதைப் பழைய இரும்புக்காரன்கூட ஏறெடுத்துப் பார்த்திருக்க மாட்டான்.

கலியாணம் முடிந்து நாங்கள் பின்வீட்டுக்குப் போன பிறகு வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். நாட்டில் சக்கரம் வைத்ததெல்லாம் பொன்னாயிற்று. வெளிநாட்டில் என் கார் போன்றவை ஏலம் போகும் வீடியோக்கள் மருமகனின் போனுக்கு வர ஆரம்பித்தன. மருமகன் வங்கியில் வேலை. நல்ல பிள்ளை, குரலை உயர்த்திப் பேசமாட்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். சண்டை பிடிக்கவும் வழியில்லை.

"மாமா, இது இப்ப கார் இல்ல, முதலீடு" என்றார் ஒருநாள். "கொழும்பில ஒருத்தர் கேக்கிறார். நீங்கதானே மாமா அண்டைக்குச் சபையில சொன்னீங்க, வளவுக்குள்ள நிக்கிறதெல்லாம் எண்டு."

எனக்கு விசர் வந்தது. காரின் பதிவுப் புத்தகம் இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது, அதைத் தூக்கி அவர் முன்னால் போடுவோமா என்று மனைவியிடம் கேட்டேன். அவள் திரும்பியும் பார்க்கவில்லை. "போடுங்க. போட்டிட்டு ஊருக்குள்ள எந்த முகத்தோட நடக்கப்போறீங்க?" என்றாள்.

கொழும்புக்காரர் வந்தார். கையில் துணி சுற்றிய ஒரு காந்தம். அதைக் காரின் உடம்பெங்கும் ஒட்டி ஒட்டிப் பார்த்து, அது ஒட்டாமல் நழுவிய இடங்களை, நான் பூச்சு வைத்து மறைத்த இடங்களை, ஒவ்வொன்றாகப் பிடித்தார். அடித்தட்டு கூரைத் தகரத்தில் செய்தது என்று கண்டுபிடித்தார். சீட் தைத்தது காத்தான்குடியில் என்றதும் முகத்தைச் சுளித்தார். "அங்கிள், ஒரிஜினல் பார்ட்ஸை எல்லாம் ஏன் எறிஞ்சீங்க?" என்றார்.

எறிந்தேனா? அவை கையில் எடுக்கும்போதே உதிர்ந்து விழுந்தவை! இந்த மனிதரின் கணக்கில், காரைச் சாகவிடாமல் நான் செய்ததெல்லாம் குற்றம். அரிசி ஆலையில் கோழியோடு விட்டிருந்தால் இன்னும் மதிப்பாம். வாங்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஏசி போட்ட அறையில் மூடி வைப்பாராம். இப்படியான காரை ஓட்டவே கூடாதாம், ஒவ்வொரு மைலுக்கும் விலை இறங்குமாம்.

அவர் ஒரு விலை சொன்னார். மருமகன் மகளைப் பார்த்தார். கார் அவளுடையது, முடிவும் அவளுடையது. நான் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அடுத்த வருசம் என்ன விலை போகும்?" என்று மகள் கேட்டாள்.

கொழும்புக்காரர் பொய் சொல்லவில்லை. "கூடும்தான்" என்றார்.

"அப்ப இப்ப விக்கிறதில்ல."

நான் அழுதேவிட்டேன். காரணம் என்னவாக இருந்தால் எனக்கென்ன, கார் போகவில்லை. பெற்றால் இப்படி ஒரு பிள்ளையைப் பெறவேண்டும் என்று அன்று முழுக்க மனைவியிடம் சொல்லிச் சொல்லி அவளுக்குத் தலையிடியே வந்தது.

மறுநாள் காலை முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். காரின் கதவைத் திறக்கும்போது மகள் முன்வீட்டிலிருந்து இறங்கி வந்தாள்.

"அப்பா, எங்க வெளிக்கிடுறீங்க?"

"சும்மா, பாலம் மட்டுக்கும் போயிட்டு வாறன்."

"வேணாம் அப்பா. கொழும்புக்காரர் சொன்னதக் கேட்டீங்கதானே, ஓட ஓட விலை இறங்குமாம்" என்று கையை நீட்டினாள். கோபமாக அல்ல, சின்னப் பிள்ளையிடம் கத்தியை வாங்குவது போல.

கையிலிருந்த கார்த் திறப்பைச் சாவி வளையத்தோடு கொடுத்தேன். வேறு என்ன செய்ய? அவள் பெரிய படங்கொன்றை இழுத்துக் காரை மூடினாள். நான் பின்வீட்டுக்கு நடந்தேன். நாலு எட்டுக்கூடப் போயிருக்க மாட்டேன், பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"அப்பா, கழுவுறதுக்கு வேணுமெண்டாக் கேளுங்க. திறப்புத் தாறன்."